பின்கட்டில் நிற்கும் ராஜ்தூத் 350: பிரிப்பதும் பூட்டுவதும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பச்சி ஓட்டிய 1986 மாடல் ராஜ்தூத் 350 எங்கள் பெரிய வீட்டின் பின்கட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. கிக்கர் பாதி இறங்கி நின்றுவிடுகிறது. அப்பச்சி இப்போது இல்லை. வண்டியை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. நானே வீட்டில் வைத்துப் பிரித்துப் பூட்ட நினைக்கிறேன். ஜப்பான் மாடலைப் போல வேகம் வர எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், டிஸ்க் பிரேக் எல்லாம் போடலாமா? எதில் தொடங்குவது?"

தாராளமாகச் செய்யலாம், தம்பி. இந்த வண்டியில் கிராங்க் ஷாஃப்ட், சிலிண்டரைப் போர் அடிப்பது (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), பிரேக் டிரம் கடைவது ஆகிய மூன்று வேலைகள் மட்டும்தான் லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பொறுமையுள்ள ஒருவர் வீட்டிலேயே செய்துவிட முடியும். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையை நான் தலைகீழாக மாற்றுவேன். வேகத்தை ஏற்றுவது கடைசி. எஞ்சினுக்குள் தேவையற்ற காற்று நுழையாமல் அடைப்பது முதல். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களைக் காரைக்குடியில் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டி வருகிறேன். பூட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எங்கோ ஒரு காற்றுக் கசிவுதான்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யமஹா ஆர்டி350 உலகச் சந்தையில் 1973 முதல் 1975 வரை விற்ற வண்டி. அதையே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டு வந்தது. 347 சி.சி., 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர், ரீடு வால்வு (கலவையை ஒருவழியாக உள்ளே விடும் இதழ் வால்வு), ஆறு கியர். ஜப்பான் மாடல் 39 குதிரைத்திறன் கொடுத்தது. இங்கே மைலேஜை நினைத்து அதை அடக்கினார்கள்: முதலில் வந்த எச்டி (ஹை டார்க்) மாடல் 30.5, பிறகு வந்த எல்டி (லோ டார்க்) சுமார் 27. உங்களுடையது 1986 என்றால் எல்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. நன்றாகப் பூட்டிய ஒரு எல்டி, காரைக்குடியிலிருந்து திருமயம் போகிற நெடுஞ்சாலையில் இன்றைக்கும் உங்களை மலைக்க வைக்கும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பு ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அது இல்லாத வண்டிக்குப் பணம் போடுவது வீண். 1989-க்கு முந்தைய பதிவு என்பதால் ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும் பழைய மூன்றெழுத்து எண்ணாக இருக்கும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராவவோ தேய்க்கவோ கூடாது. அப்பச்சி பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற, உரிமையாளர் இறந்துவிட்ட நேர்வுக்கான படிவம் 31 தேவை. வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் அதோடு சேரும். பதினைந்து ஆண்டு முடிந்த பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. புதுப்பித்தல் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். சோதனைக்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதால் புதுப்பிப்பு கடைசியில் நடக்கட்டும். பெயர் மாற்றத்துக்கான தாள்களை மட்டும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. முகப்பிலோ வளவிலோ வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. துரு எடுக்கும் எந்த அமிலமும், வினிகர் உட்பட, அதன் முகத்தை அரித்துவிடும், கறை பிறகு போகாது. எண்ணெயும் உள்ளே இறங்கும். பின்கட்டில் கருங்கல் பாவிய இடமோ கொட்டகையோ இருந்தால் அதுவே சரியான இடம். ஆனால் அந்தப் பக்கம் விறகடுப்போ காஸ் அடுப்போ எரிகிற நேரத்தில் பெட்ரோல் டேங்கைத் திறக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். ஆத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிக்கர் பாதியில் நிற்கிறது என்றீர்கள். அதை மிதித்து விடுவிக்க முயல வேண்டாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். விட்டதும் "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுப் பார்ப்போம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் கிராங்கின் பேரிங்குகளுக்குப் பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் உயவு. இத்தனை ஆண்டு வறண்டு நின்றதில் அவற்றின் மேல் துரு பூத்திருக்கும். அந்தத் துருத்தூளோடு ஒரு நிமிடம் சுற்றினாலும் கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் போய்விடும். இன்று காப்பாற்றக்கூடியதாக இருக்கும் கிராங்க், அந்த ஒரு நிமிட ஆசையில் கிடைக்காத பொருளாகிவிடும்.

பிரிக்கும்போது எஞ்சின் மூடிகளின் ஸ்குரூக்கள் முதலில் சோதிக்கும். அவை ஜப்பானிய அளவுத் தலை உடையவை. பார்ப்பதற்குச் சாதாரண நட்சத்திர ஸ்குரூ போலவே இருக்கும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் நட்சத்திர முனை அதில் முழுதாக அமராமல் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். ஜப்பானிய அளவு முனை ஒன்றும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். உங்கள் கருவிச் செலவில் இதுவே மிக நல்ல செலவு. ஜெனரேட்டர் ரோட்டரை அதற்குரிய புல்லர் இல்லாமல் நெம்பக் கூடாது. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுங்கள். சைலன்சர் வாயிலும் கார்பரேட்டர் வாயிலும் குளவி மண்கூடு இருக்கும். அதை உள்ளே தள்ளாமல் சுரண்டி எடுங்கள். ஒயரிங்கை எலி கடித்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், முழுதாகப் புதிது கட்டிவிடுங்கள்.

இந்த எஞ்சினின் கிராங்க் கேஸ் மேல், கீழ் என்று கிடைமட்டமாகப் பிரிகிறது. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாதியைத் தூக்கினால் கிராங்கும் ஆறு கியரும் வரிசையாகக் கண்முன் கிடக்கும். வீட்டில் பழகுகிறவருக்கு இதை விட இணக்கமான அமைப்பு கிடைப்பது கடினம். கியர்ப் பற்களில் மேல்பூச்சு உரிந்திருக்கிறதா, செலக்டர் கவைகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; நன்றாக இருந்தால் தொடாமல் விடுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் கேஸ்கட் கிடையாது, சீலன்ட்தான். மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே ஒழுகி எண்ணெய்த் துளைகளை அடைத்துவிடும்.

கிராங்க், அழுத்திச் செருகிய துண்டுகளால் ஆனது. ராடு, பின், பேரிங் மாற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். மாற்றிய பிறகு வீ-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ஓட்டம் (சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்பது) பார்க்க வேண்டும். முனைகளில் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் திருப்தி. பட்டறையில் கொடுக்கும்போது நீங்களும் அருகில் நின்று முள்ளைப் பாருங்கள். "சரியாக இருக்கிறது" என்ற சொல்லுக்குப் பதிலாக அளவை எழுதி வாங்குங்கள். ஜப்பான் ஆர்டி350-இன் எஞ்சின் உதிரிகள் பெரும்பாலானவை உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்பதால் ராடு கிட், சீல் செட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. சென்னை ஜி.பி. சாலைக் கடைகளில் புதியவையும், புதுப்பேட்டையில் பழையவையும் தேடலாம். ஆயில் சீலை மட்டும் ஒருபோதும் பழையது வாங்காதீர்கள்.

போர் அடிப்பதில் பலரும் ஏமாறுவது இரண்டு இடங்களில். பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் 65 மி.மீ. வரை நான்கு பெரிய அளவுகளில் வரும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிச் சிலிண்டரைக் கடையக் கூடாது. பிஸ்டனைப் பட்டறையில் கொடுத்து, அதன் பாவாடைப் பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவுக்கு மேல் இடைவெளி விட்டுக் கடைய வேண்டும். இடைவெளி பிஸ்டன் செய்தவர் சொன்னபடி, பொதுவாக 0.04 முதல் 0.05 மி.மீ. வட்டாரத்தில் இருக்கும். இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு பிஸ்டன் தனித்தனியாக அளக்கப்பட வேண்டும். எந்தப் பிஸ்டன் எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். இரண்டாவது, போர் முடிந்ததும் போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயில்களின்) விளிம்பு கத்தி போல நிற்கும். நான்கு ஸ்ட்ரோக்கே பார்த்துப் பழகிய பட்டறையில் அதை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அந்த விளிம்பைச் சிறு அரத்தாலும் எமரித் தாளாலும் எல்லாப் போர்ட்டிலும் மழுக்கினால்தான் ரிங் அதில் மாட்டி ஒடியாது. இந்த வேலையை நீங்களே உட்கார்ந்து செய்யலாம், அரை நாள் ஆகும். ரிங் முனைகள் பிஸ்டனில் உள்ள பின்னுக்கு நேராக அமர்கின்றனவா என்று பார்த்துச் செருகுங்கள். பிஸ்டன் பின் சர்க்கிளிப்புகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

இனி நான் முதலில் சொன்ன காற்றுக் கசிவுக்கு வருகிறேன். இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் கொல்லன் துருத்தி போல வேலை செய்கிறது: பிஸ்டன் ஏறும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை இழுக்கிறது, இறங்கும்போது மேலே தள்ளுகிறது. துருத்தியில் ஓட்டை இருந்தால் கார்பரேட்டர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே வரும். பெட்ரோல் பங்கு குறைந்து கலவை வறளும், சூடு ஏறும், எண்ணெயும் குறையும். அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கிராங்கின் இடது முனையில், ஜெனரேட்டருக்குப் பின்னால் உள்ள சீல் காய்ந்து போனால் நடப்பது இதுதான். வலது பக்கம் கிளட்ச் இருக்கிறது. அந்தச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெண்புகையாகக் கக்கும், ஆயில் அளவு தானே குறையும். வலது பக்கக் கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடது பக்கக் கோளாறு ஓசையில்லாமல் எஞ்சினைக் கொன்றுவிடும்.

இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் பழைய இரத்த அழுத்தமானி இருந்தால் போதும், முள் காட்டும் வகை. அதன் காற்றுக் குமிழும் மானியும் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். அது சுமார் 0.4 பார், இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தமே அது. சிலிண்டர், ஹெட் எல்லாம் பூட்டி, பிளக்குகளை இறுக்கிய பிறகு, சைலன்சர் பூட்டும் இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் பழைய டியூப் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடையுங்கள். ஒரு கார்பரேட்டர் ரப்பர் வாயில் முழு அடைப்பான், இன்னொன்றில் குழாய் செருகிய அடைப்பான். நடுவில் இரண்டு கிராங்க் அறைகளையும் பிரிப்பது லேபிரிந்த் சீல். அது காற்றை முழுதாக நிறுத்தாது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துச் சோதிப்பதில் பயனில்லை, இரண்டையும் சேர்த்தே அடைக்க வேண்டும். 300 வரை ஏற்றி ஆறு நிமிடம் பாருங்கள். முள் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையால் அடிக்கேஸ்கட், ஹெட் இணைப்பு, ரீடு பெட்டி, இடது சீல் என்று ஒவ்வோர் இடமாகத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. வலது சீலுக்கு, கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்புப் படலம் வைத்துப் பார்க்கலாம். 300-க்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலும் புரண்டுவிடும். இந்தச் சோதனையில் தேறாத எஞ்சினைச் சட்டகத்தில் ஏற்றாதீர்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுக்கும் மனமே இல்லை.

துரு பற்றி. டேங்கின் உள்ளே சிட்ரிக் அமிலக் கரைசல் பத்து விழுக்காடு அளவில் ஊற்றி ஒரு நாள் வைத்தாலே பெரும்பாலும் வெளுத்துவிடும்; பிறகு சமையல் சோடா நீரால் கழுவி, உடனே சூடான காற்றால் உலர்த்திப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து உள்சுவரில் படர விடுங்கள். வெளிப்பாகங்களுக்கு, 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் நீங்கள் மின்பகுப்பு முறையைப் பயன்படுத்திப் பார்க்கலாம். சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் மாட்டினால் துரு கருப்பாகி உதிரும், நல்ல இரும்பு தேயாது. மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். நேர்முனைக்கு எவர்சில்வர் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் நீரில் இறங்கும். அலுமினியத்தை அந்த நீரில் போடாதீர்கள், அரித்துவிடும்.

அதே ஹைட்ரஜன் இன்னொரு தொல்லையும் தரும். வலுவான எஃகுப் போல்ட், ஸ்பிரிங், ஆக்சில் போன்றவை அமிலத்திலோ முலாம் தொட்டியிலோ ஊறினால் ஹைட்ரஜனை உள்ளே இழுத்து நொறுங்கும் தன்மை அடையும். பல நாள் கழித்து, பாரம் ஏறும் நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல் ஒடியும். முலாம் பூசியதும் சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் சுட்டால் அது வெளியேறும். அப்படிச் சுடும் வசதி இல்லாத இடத்தில் ஆக்சிலுக்கும் பிரேக் போல்ட்டுகளுக்கும் முலாம் கேட்காதீர்கள். கம்பித் தூரிகையும் மெல்லிய கிரீசும் போதும். மட்கார்டுக்குக் குரோம் பூசக் கொடுக்கும்போது அடியில் நிக்கல் தடிமனாகப் போடச் சொல்லுங்கள். மேலே தெரிவது குரோம் என்றாலும் துருவைத் தடுப்பது அந்த நிக்கல்தான்.

மேம்பாடு என்று நான் மனமாரச் சொல்வது நான்கைந்துதான். பாயின்ட்டை (தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனையை) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட். ஒன்றின் அமைப்பு மாறி டைமிங் முந்தினால் அந்தப் பக்கப் பிஸ்டன் மட்டும் ஓட்டையாகும். பாயின்ட்டையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் மேல்நிலைக்கு வருவதற்குச் சுமார் 2 மி.மீ. முன்பு திறக்குமாறு இரு பக்கமும் தனித்தனியாக அமையுங்கள்; கண் அளவில் அமைக்கும் விஷயம் அல்ல இது. பழைய இயந்திர வகை வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் வகை. ரீடு வால்வின் எஃகு இதழ்களுக்குப் பதில் ஃபைபர் இதழ்கள்: எஃகு ஒடிந்தால் எஞ்சினுக்குள் போகும், ஃபைபர் போனாலும் சேதம் குறைவு, கீழ் வேகத்தில் இழுவையும் நன்றாக இருக்கும். முன் ஃபோர்க் சீலும் ஆயிலும் புதிது. நல்ல 18 அங்குல டயர்கள் இரண்டு. பழைய டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம், ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பிரேக். ஜப்பான் மாடலில் முன்பக்கம் டிஸ்க் இருந்தது, இங்கே இரட்டை லீடிங் ஷூ டிரம் போட்டார்கள். அந்தப் பிரேக் பிடிக்காது என்ற பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. நான் பார்த்தவற்றில் பலவற்றில் கோளாறு அமைப்பில் இருந்தது. இரண்டு ஷூவையும் இணைக்கும் சிறு கம்பியின் நீளம் தப்பாக இருந்தால் ஒரு ஷூ மட்டும் டிரம்மைத் தொடும், மற்றது சும்மா நிற்கும். லாக் நட்டைத் தளர்த்தி, லிவரை மெதுவாக அழுத்தி, இரண்டும் ஒரே கணத்தில் தொடுமாறு கம்பியைத் திருப்பி அமையுங்கள். டிரம்மை ஸ்போக் கட்டிய சக்கரத்தோடே லேத்தில் கடைந்து, புது லைனிங் ஒட்டிய ஷூவை அந்த விட்டத்துக்குக் கடைந்து, புதிய கேபிள் போட்டால் ஒரு நல்ல பிரேக் கிடைக்கும். பழைய லைனிங் தூளை ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிஸ்க் மாற்றமும் சேம்பரும் சட்டத்தையும் தொடுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நீங்கள் பதிவைப் புதுப்பிக்கச் சோதனைக்குப் போக வேண்டியவர். அதை நினைத்து முடிவெடுங்கள். சேம்பரைப் பொறுத்தவரை எனக்கு இயந்திர ரீதியான தயக்கமும் உண்டு. அது எக்ஸாஸ்ட் அலையைத் திருப்பி அனுப்பிக் கலவையைச் சிலிண்டருக்குள் தக்கவைக்கும் கருவி. அது ஒத்திசைவது உயர்ந்த சுழற்சியில். எல்டியின் சிறிய போர்ட்டுகளோடு அதைச் சேர்த்தால் கீழே இழுவை போகும், மேலே எதிர்பார்த்தது வராது, கார்பரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையை) பெரிதாக்காமல் ஓட்டினால் பிஸ்டன் போகும். காரைக்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஊர் ஊராக வேகத்தடை உள்ள சாலையில் உங்களுக்கு வேண்டியது கீழ், நடு வேக இழுவைதான். மேலும் பழைய அசல் சைலன்சர் இணை இன்று அரிதான பொருள். எண்ணெய்க் கரியை உள்ளே சுட்டு எடுத்துச் சுத்தம் செய்து அதையே போடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுக் குமிழ் ஃபில்டர் மாட்ட வேண்டாம். நம் செம்மண் தூசி அதில் நுழைந்தால் புதுப் போர் ஒரு கோடையைத் தாண்டாது.

கார்பரேட்டரும் இன்றைய பெட்ரோலும் சேர்ந்த கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. பங்கில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. சாதாரணப் பெட்ரோலில் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இந்தக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5. அப்படியானால் 1986-ல் போட்ட ஜெட் அப்படியே இருந்தால் கலவை ஏழெட்டு விழுக்காடு வறண்டதாகவே ஓடும். காற்றுக் கசிவு செய்யும் கேட்டின் தம்பி இது. ஆகவே மெயின் ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாக வைத்துத் தொடங்குங்கள். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், அப்போது நீடில் உயர்ந்து கலவை செறிவாகும். வறண்ட பக்கத்திலிருந்து செறிவுக்குப் போகாமல், செறிவிலிருந்து மெல்லக் குறைத்து வருவதே பாதுகாப்பு. கோடையில் மதியம் நாற்பது டிகிரியில் காற்று இலேசாக இருப்பதால் கலவை தானே சற்றுச் செறிவாகிவிடும். அப்போது அழகாக ஓடும்படி அமைத்த வண்டி, மார்கழி விடியலின் அடர்ந்த காற்றில் வறண்டு போகும். கடைசி அமைப்பை ஒரு குளிர்ந்த காலையில் செய்யுங்கள். எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் குழாய், ஓ-ரிங், ஊசி வால்வு முனை எல்லாம் எத்தனால் தாங்குபவையாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

இரண்டு கார்பரேட்டரின் ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டும்; ஆக்சிலரேட்டரை மெல்லத் திருப்பி ஒவ்வொரு வாயிலும் விரலை வைத்துப் பார்த்தாலே தெரியும். எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்பும் ஆட்டோலூப் பம்பின் கேபிளும் அதே திருப்பலில்தான் இழுபடுகிறது, அதன் குறியும் நேராக வர வேண்டும். பம்ப்பில் காற்றை வடித்து, எண்ணெய் தடையின்றி நகர்வதைக் கண்ணால் பார்க்கும் வரை அதை நம்ப வேண்டாம். முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய் கூடுதலாகக் கலந்துவிடுங்கள். பம்பையே எடுத்துவிட்டுக் கலந்து ஓட்டுவதாக இருந்தால் பழக்கும் காலத்தில் லிட்டருக்கு 40 மி.லி., பிறகு 30. அப்படி ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு எஞ்சின் பிரேக்கில் நெடுந்தூரம் போகக் கூடாது. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும்.

பிளக் என்.ஜி.கே. பி8எச்எஸ். முதல் நாள் ஐந்து நிமிடம் ஓட விட்டு முழுதாக ஆற விடுங்கள். அதை இரண்டு மூன்று முறை செய்த பிறகு, ஹெட் குளிர்ந்த நிலையில் நட்டுகளைக் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நிலையாகப் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். வழியில் சத்தம் திடீரென்று மெலிந்து, இழுவை குறைவது போலத் தோன்றினால் பிஸ்டன் பிடிக்கப் போகிறது என்று பொருள்; அந்தக் கணமே கிளட்சை அழுத்துங்கள். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லிவரின் மேல் இருக்கட்டும். 500 கிலோமீட்டரில் கியர் ஆயிலை வடித்து மாற்றி, இரண்டு பிளக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே காப்பிப் பழுப்பில் இருந்தால் படிவம் 25-ஐ எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பலாம். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பக்க ரீடு பெட்டியிலிருந்தும் கார்பரேட்டர் ரப்பரிலிருந்தும் அழுத்தச் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.